திரையில் தோன்றும் தலைமை

மேடையிற் பேசிப் புகழ்பெற்றோர் பலர் காணொளியில் தோன்றும்போது பொலிவு குன்றிக் காணப்படுகின்றனர். காரணம் யாதெனின், மேடைப் பேச்சாளர் ஆயிரவரை நோக்கிப் பேசுகின்றார். காணொளியிற் பேசுபவரையோ ஒவ்வொருவரும் தத்தம் கைத்தொலைபேசியில், ஒரு முழத் தூரத்தில் வைத்துத் தனித்தனியே காண்கின்றனர். மேடைக்கு எடுப்பான ஓங்கிய குரலும் வீசிய கையும் அவ்வளவு அண்மையில் மிகையாகிவிடுகின்றன.

திரையின் இவ்வியல்பை அரசியலுலகம் 1960 செப்டெம்பர் 26இல் நன்கு உணர்ந்தது. அன்று ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி வேட்பாளர்களான கென்னடியும் நிக்சனும் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் வாதிட்டனர். முழங்கால் நோயால் மெலிந்திருந்த நிக்சனின் சாம்பல்நிற உடை, கறுப்பு வெள்ளைத் திரையிற் பின்னணியோடு கலந்து மங்கிற்று. கருநிற உடையணிந்த கென்னடி கமராவை நேரே நோக்கி, வீட்டிலிருந்தோருடன் பேசினார். (வானொலியிற் கேட்டோர் நிக்சனே வென்றதாகக் கருதினர் என வழங்குங் கதைக்குச் சான்று வலுவானதன்று.)

ஆயினும், திரை தரும் தலைமை தகுதியுடையோர்க்கு மட்டும் வாய்ப்பதன்று. இதன் பொருட்டு, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள காத்தான்குடி கொடுத்த விலை பெரிது. அவ்வூரைச் சேர்ந்த சஹ்ரான் ஹாஷிமின் வெறுப்புப் பேச்சுக்களை எதிர்த்து நின்றவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. அவர்கள் பொலிஸாரிடம் பலமுறை முறையிட்டனர். 2017 மார்ச் 10ஆம் திகதி அங்கு மூண்ட மோதலின் பின் அவர் தலைமறைவானார். மேடையை இழந்தவர் திரையை இழக்கவில்லை. அவருடைய காணொளிகள் தொடர்ந்து பரவின. ஊரார் வெறுத்தொதுக்கிய மனிதர் இவர் என்பதைத் தொலைவிலிருந்து பார்ப்பவர் அறிய அவற்றில் வழியில்லை. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் நாட்டின் பிறவிடங்களிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் உலகத் திரைகளிற் காத்தான்குடி என்னும் பெயர் அவர் முகத்தோடு சேர்த்தே காட்டப்பட்டது.

முறையிட்டவர்களின் முகத்தைக் கண்டவர் எத்தனை பேர்? அவ்வூர் ஆசிரியர்க்கும் வைத்தியர்க்கும் வணிகர்க்கும் ஊருக்குள் மதிப்புக் குறைவில்லை. வெளியே அவர்களை அறிந்தோர் சிலரே. கற்றோர் அடக்கங் கருதித் திரையை விட்டு விலகுதல் நம்மவரிடையே பொதுவழக்கு. விலகிய இடம் வெறுமையாய்க் கிடப்பதில்லை என்பதைத்தான் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபின் ஆசிரியர் பலர் வேறு வழியின்றிக் கமராவின் முன் அமர்ந்தனர். பயிற்சி அத்துணைக் கடினமன்று. கமரா கண்மட்டத்தில் இருத்தல் வேண்டும். தாழ வைத்தால் பேசுபவர் பார்ப்பவரைக் குனிந்து நோக்குவதுபோலத் தோன்றும். திரையிலுள்ள முகத்தையன்றி வில்லையையே நோக்குதல் வேண்டும். வெளிச்சம் முன்னிருந்து வரவேண்டும். காத்தான்குடியிற் காலைவெயில் கடற்புறமிருந்தும் மாலைவெயில் வாவிப்புறமிருந்தும் வருவதால், காலையிற் பேசுபவர் கிழக்குச் சாளரத்தையும் மாலையிற் பேசுபவர் மேற்குச் சாளரத்தையும் நோக்கி அமர்வது நன்று. சாளரம் முதுகுப்புறமாயின் முகம் இருண்டுவிடும். பேசுபவர் தம் பெயர், தொழில், பணிபுரியும் இடம் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும். அப்போதுதான் தொலைவிலுள்ளவர் அவரைப் பற்றி அவ்வூராரிடம் விசாரித்தறிய இயலும்.