சொத்து வரிக்குள் இருக்கும் கல்வி வரி: எங்கே போகுது?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ சொந்த வீடு இருக்கா? 2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியது நினைவிருக்கலாம். நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீடுகளுக்கு 25%, 1,800 சதுர அடியைத் தாண்டினால் 100% உயர்வு. 15-வது நிதிக்குழுவின் நிபந்தனையே காரணம் என்றது அரசு. அதிமுக போராட்டம் நடத்தியது.

பக்கத்தில் உள்ள தேவதானம் ஊராட்சி என்பதால் இந்த உயர்வு அங்கே பொருந்தாது. அங்கே வீட்டு வரி தனி.

பலர் கவனிக்காத விஷயம்: நகராட்சி சொத்து வரியிலேயே கல்வி வரியும் அடக்கம். 'வரியைக் குறைங்க' என்று கேட்பது நியாயம்தான். கூடவே, 'நாங்க கட்டின கல்வி வரியில் எந்தப் பள்ளிக்கு என்ன செஞ்சீங்க?' என்றும் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதற்குக் கட்டணம் 10 ரூபாய்தான்.