தூக்குவோர் முதுகும் துயருற்றோர் உடலும்

பண்ணுருட்டியிலிருந்து நெய்வேலி செல்லும் நெடுஞ்சாலையில், முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் சூழ அமைந்துள்ள ஊர் காடாம்புலியூர். செம்மண் பூமியான இவ்வட்டாரத்து மக்கள் உழைப்புக்கு அஞ்சாதவர்கள். பலா மரத்தில் ஏறுதல், மூட்டை சுமத்தல், முந்திரிக்கொட்டை உடைத்தல் ஆகிய வேலைகளோடு, 1956-ஆம் ஆண்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின்னர்ச் சுரங்க வேலையும் இவ்வட்டாரத்தாருக்கு வாழ்வளித்து வருகிறது. கடின உழைப்புள்ள இடத்தில் காயமும் உண்டு. முதுமையும் நோயும் எங்கும் உண்டு. மருத்துவமனையில் உயிர் பிழைத்து வீடு திரும்புவோருள் பலர், பல மாதங்கள் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்க நேரிடுகிறது. அவர்களைத் திருப்பவும், அமர்த்தவும், எழுப்பவும், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லவும் வேண்டியவர்கள் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. அவர்களுக்குத் துணையாக வருவோர் சுகாதாரச் செவிலியரும் தன்னார்வலரும் ஆவர். இவர்களுடைய முதுகைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

ஒரு வீட்டில் கண்டது

வீட்டு வசதிப் பணிகளைப் பார்வையிட நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, ஒரு வீட்டின் திண்ணையில் நடுவயதுப் பெண்மணி ஒருவர் சுவரைப் பற்றிக்கொண்டு மெல்ல எழுந்து நம்மை வரவேற்றார். உள்ளே அவருடைய மாமனார் பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் செயலிழந்து படுத்திருந்தார். “மாமாவை நான் ஒருத்திதான் தூக்குவேன் ஐயா. ஒரு நாள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போது இடுப்பில் ‘சுரீர்’ என்றது. அன்று உட்கார்ந்தவள் இரண்டு மாதம் கொட்டை உடைக்கப் போகவில்லை” என்றார் அவர். கூலி நின்றது, மாமனாரைப் புரட்ட ஆளில்லாமல் அவருடைய இடுப்பில் படுக்கைப்புண்ணும் கண்டது. மருத்துவமனை ஒன்றிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பியபோது மருந்துச் சீட்டைக் கொடுத்தார்களேயன்றி, அவரை எவ்வாறு தூக்குவது என்று எவரும் காட்டவில்லையாம்.

ஒருவர் நோய் இருவர் நோயாகி, ஒரு குடும்பத்தின் வருவாயும் அழிந்தது. இதற்குக் காரணம் அன்புக் குறைவன்று, அறியாமையே. அறியாமையைப் போக்குதல் வளர்ச்சிப் பணியின் முதற்கடமையாகும்.

முதுகு ஏன் முறிகிறது?

இவ்வட்டாரத்தார்க்குப் பலாப்பழத்தைக்கொண்டே இதனை விளக்கிவிடலாம். இருபது கிலோ எடையுள்ள பழத்தை மார்போடு அணைத்து எவரும் எளிதில் நடந்துவிடுவர். அதே பழத்தை இரு கைகளையும் நீட்டிப் பிடிக்கச் சொன்னால் நான்கடி நடக்க இயலாது. பழத்தின் எடை கூடவில்லை. உடலிலிருந்து அதன் தூரமே கூடியது.

நம் இடுப்பு ஒரு துலாக்கோலைப் போன்றது. முன்புறத்தில் சுமை, பின்புறத்தில் அதனை இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசை, நடுவில் தாங்கு புள்ளியாக முதுகெலும்பு. அத்தசை முதுகெலும்பிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில்தான் உள்ளது. 20 கிலோ சுமையை 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், அச்சுமைக்காக மட்டும் தசை 160 கிலோ அளவு இழுத்தாக வேண்டும். சுமையை 20 சென்டிமீட்டருக்கு அருகில் கொணர்ந்தால் அது 80 கிலோவாகக் குறைகிறது. குனிந்து நிற்பவருக்கு அவருடைய மேலுடலின் எடையும் இதனோடு சேரும். இந்த இழுவிசை முழுவதும் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் அமைந்த வட்டுக்களை நசுக்குகிறது. குனிந்தபடியே உடலைத் திருகினால் வட்டுக்கு நேரும் ஆபத்து இன்னும் மிகுதி. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் என்பார் 1960-களில் உயிருள்ள மனிதரின் வட்டுக்குள்ளேயே அழுத்தத்தை அளந்து, நிமிர்ந்து நிற்பதைவிடக் குனியும்போது அது வெகுவாக உயர்வதை மெய்ப்பித்தார்.

எவ்வளவு தூக்கலாம்?

அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு நலவாழ்வு நிறுவனம், எல்லா நிலைமைகளும் சாதகமாக இருக்கும்போது ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ என 1991-ஆம் ஆண்டில் வகுத்தது. ஆனால் நோயாளி மூட்டையல்லர். அவருக்குக் கைப்பிடி இல்லை, திடீரெனத் துவளுவார், அஞ்சி நம்மை இறுகப் பிடிப்பார். ஆதலின் நோயாளியைப் பொறுத்தவரை ஏறத்தாழ 16 கிலோவே வரம்பு என அந்நிறுவனத்தைச் சார்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். மெலிந்த முதியவரின் எடைகூட இவ்வரம்பை வெகுவாக விஞ்சும். ஆகவே வளர்ந்த ஒருவரைத் தனியொருவர் முழுச் சுமையாகத் தூக்குதல் எந்த முறையிலும் பாதுகாப்பானதன்று.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. ‘முழங்காலை மடக்கித் தூக்கு, முதுகை வளைக்காதே’ என்னும் அறிவுரை நல்லதே. ஆயினும் அது மட்டும் போதாது. தூக்குவதையே குறைக்க வேண்டும். நகர்த்த முடிந்தால் தூக்காதீர். நோயாளியே ஓரளவு செய்ய முடிந்தால் அதனை அவரிடமே விடுவீர். கருவி கிடைத்தால் கையை நம்பாதீர். இங்கிலாந்தில் 1992-ஆம் ஆண்டின் சுமை கையாளல் விதிகளும், ஆபத்தான தூக்குதலை இயன்றவரை தவிர்ப்பதையே முதற்கடமையாகக் கூறுகின்றன.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, நோயாளியிடம் செய்யப்போவதைச் சொல்லுதல் வேண்டும். “தாத்தா, இப்போது உட்காரப் போகிறோம், மூன்று என்றதும் நீங்களும் கையை ஊன்றுங்கள்” என்று சொன்னால், பாதிச் சுமையை அவரே ஏற்றுக்கொள்வார்.

இரண்டாவதாக, வழியிலுள்ள சொம்பு, பாய், செருப்பு ஆகியவற்றை அகற்றித் தரையை ஈரமின்றித் துடைக்க வேண்டும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளல் நலம்.

மூன்றாவதாக, கட்டில் பராமரிப்பவரின் இடுப்பளவு உயரம் இருந்தால் குனிய நேராது. தாழ்ந்த கட்டிலாயின் நான்கு கால்களின் கீழும் அசையாத மரக்கட்டைகளை வைத்து உயர்த்தலாம். ஆனால் நோயாளியை எழுப்பி அமர்த்தும் கட்டிலாயின், அவருடைய பாதம் தரையில் படியும் அளவுக்கு மேல் உயர்த்தலாகாது. அத்தகைய வீட்டில் படுக்கையில் செய்யும் வேலைகளுக்கு ஒரு முழங்காலைக் கட்டிலின்மேல் ஊன்றிக்கொண்டால் குனிவு குறையும்.

நான்காவதாக, பாதங்களைத் தோள் அகலம் விரித்து, ஒன்றைச் சற்று முன்வைத்து, முழங்கால்களை இளக்கி, நோயாளியை நெருங்கி நிற்க வேண்டும். திரும்ப வேண்டின் இடுப்பைத் திருகாமல் பாதங்களை எடுத்து வைத்துத் திரும்புக.

புரட்டுதலும் மேலேற்றுதலும்

அசைய இயலாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறையேனும் புரட்டுதல் படுக்கைப்புண்ணைத் தடுக்கும். அவர் எப்பக்கம் திரும்ப வேண்டுமோ அப்பக்கத்தில் நின்றுகொள்க. நமக்கு அப்பாலுள்ள அவருடைய கையை மார்பின் குறுக்கே வைத்து, அப்பாலுள்ள முழங்காலை மடக்குக. பின்னர் ஒரு கையை அவருடைய அப்புறத் தோளிலும் மறுகையை இடுப்பிலும் வைத்து, நம் உடற்பாரத்தை முன்காலிலிருந்து பின்காலுக்கு மாற்றினால் அவர் நம்மை நோக்கித் தாமே உருண்டு வருவார். இங்கே வேலை செய்வது கால்களே, முதுகன்று. முதுகுப்புறத்தில் ஒரு தலையணையும் முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணையும் வைத்து, முழுதும் ஒருக்களிக்காமல் சற்றே சாய்ந்திருக்கச் செய்தல் நன்று.

படுக்கையில் கீழே சரிந்தவரை அக்குளைப் பற்றி இழுப்பது நம்மிடையே பெருவழக்கு. இது பெருந்தவறாகும். செயலிழந்த கையின் தோள்மூட்டு எளிதில் நழுவும். முரட்டுப் பாயில் உராய்ந்து தோலும் கிழியும். இதற்கு ஒரு பழைய போர்வையே போதும். அதனை நாலாக மடித்துத் தோள் முதல் தொடை வரை நோயாளியின் அடியில் விரித்து, இருபுறமும் இருவர் நின்று ஓரங்களைச் சுருட்டிப் பிடிக்க வேண்டும். நோயாளி முகவாயை மார்பில் சேர்த்து, இயன்றால் முழங்காலை மடக்கிக் காலை ஊன்றட்டும். “ஒன்று, இரண்டு, மூன்று” என்றதும் தூக்காமல் வழுக்கி நகர்த்துக. போர்வையின் கீழ் வழவழப்பான பிளாஸ்டிக் தாளை இட்டால் வேலை இன்னும் எளிதாகும். வேலை முடிந்ததும் அத்தாளை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் வியர்வை தேங்கிப் புண்ணாகும்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

நாற்காலியை நோயாளியின் வலிமையுள்ள பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சாய்வாக வைக்க வேண்டும். சக்கர நாற்காலியாயின் தடையைப் பூட்டி, கால்தாங்கிகளை ஒதுக்கிவிட மறக்கலாகாது. நோயாளியைக் கட்டிலின் ஓரத்தில் அமர்த்தி, பாதங்கள் தரையில் நன்கு படியச் செய்து, சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். நெடுநேரம் படுத்தவர் உடனே எழுந்தால் தலை சுற்றி விழுவார்.

அவருடைய இடுப்பில் உறுதியான துணியொன்றைக் கச்சையாகக் கட்டினால் நமக்குக் கைப்பிடி கிடைக்கும். நம் முழங்காலால் அவருடைய வலுவற்ற முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து நிற்க வேண்டும். அவர் நம் கழுத்தைக் கட்டிக்கொள்ள இடங்கொடுத்தல் கூடாது. தம் மூக்கு கால்விரல்களுக்கு நேர்மேலே வருமாறு அவர் முன்சாய்ந்தால் இடுப்பு தானாகவே எழும்பும். எண்ணி முடித்ததும் இருவரும் சேர்ந்து எழுந்து, சிற்றடிகளாகத் திரும்பி, நாற்காலி அவருடைய காலின் பின்புறத்தில் பட்டபின் மெல்ல அமர்த்துக.

ஒரு காலையேனும் ஊன்ற இயலாதவரை நிறுத்த முயலுதல் வீண். கட்டிலும் நாற்காலியும் சம உயரத்தில் இருக்க, இரண்டையும் இணைக்கும் வழவழப்பான பலகையின்மீது இருவர் துணையோடு அவரை நகர்த்தலே முறை. இடையில் எவரேனும் விழத் தொடங்கினால் தாங்கிப் பிடிக்கப் போராடாதீர். நம் காலின்மீது சரியவிட்டு, தலை அடிபடாமல் காத்துத் தரையில் அமர்த்திவிடுவீர்.

மரத்திலிருந்து விழுந்தோர்

பலா, பனை, முந்திரி மரங்களிலிருந்து விழுந்தவரை உடனே தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் புகட்டுவதும், மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே இருத்திச் செல்வதும் இன்றும் நடைபெறுகின்றன. முதுகெலும்பு முறிந்திருந்தால், இச்செயலே எஞ்சிய தண்டுவடத்தையும் சேதப்படுத்தி வாழ்நாள் முழுதும் கால்களை முடக்கிவிடக் கூடும். நெருப்பு, வாகனம் போன்ற உடனடி ஆபத்து இல்லாவிடில் அவரை அசைக்காது, தலையை இருபுறமும் கைகளால் நிலையாகப் பற்றி, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். நகர்த்தியே ஆக வேண்டுமாயின் நால்வர் தேவை. தலையைப் பற்றியவர் கட்டளையிட, மற்ற மூவரும் உடலை ஒரே மரக்கட்டையைப் போல் திருகலின்றிப் புரட்டிப் பலகையிலோ கதவிலோ கிடத்த வேண்டும். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்வதால் இதற்கு ஆகாது.

1954-ஆம் ஆண்டில் சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பெற்ற மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையார், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அறுவை மருத்துவம் புரிந்தார். அவருடைய முயற்சியால் 1966-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பெற்றது. முடங்கியவர்க்கும் பயனுள்ள வாழ்வு உண்டு என்பதற்கு அவரே சான்று.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், இயன்முறை சிகிச்சையும் வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டு வாயிலுக்கே வருகின்றன. முன்னர்க் கூறிய பெண்மணியின் இல்லத்துக்கும் இத்திட்டத்தின் தன்னார்வலரும் இயன்முறை சிகிச்சையாளரும் வந்தனர். மடித்த போர்வை, ஓர் உறுதியான நாற்காலி, இடுப்புக் கச்சை, மாலையில் உதவிக்கு வரும் அண்டைவீட்டுப் பெண் ஆகியவையே அவர்கள் அளித்த மருந்து. நாம் மறுமுறை சென்றபோது பெரியவர் திண்ணையில் அமர்ந்திருந்தார், புண் ஆறியிருந்தது. மருமகளும் வேலைக்குச் செல்லத் தொடங்கியிருந்தார். எனினும், “மாலையானால் இடுப்பு வலிக்கத்தான் செய்கிறது ஐயா” என்றார். ஒருமுறை கெட்ட முதுகு முற்றும் பழைய நிலையை அடையாமலும் போகலாம். முன்பே யாரேனும் சொல்லியிருந்தால் என்ற எண்ணம் நமக்கு எழாமலில்லை.

ஆகவே ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபைக் கூட்டத்தன்று அரைமணி நேரமேனும் இம்முறைகளைச் செய்து காட்டச் சுகாதாரத் துறையினரை அழைக்கலாம். ஒரு சக்கர நாற்காலி, ஒரு நகர்த்தும் பலகை, கட்டிலுயர்த்தும் கட்டைகள் ஆகியவற்றை மகளிர் சுய உதவிக் குழுவின் பொறுப்பில் வைத்து, தேவைப்படுவோர்க்கு இரவல் தரலாம். வீட்டில் பராமரிப்போர்க்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கிட்டுமாறு உறவினரும் அயலாரும் முறைவைத்து உதவலாம். இடுப்பு வலியோடு காலில் மரமரப்போ வலுக்குறைவோ தோன்றினாலும், சிறுநீர் மலம் கட்டுப்படாமற் போனாலும் அவர்கள் சிறிதும் தாமதியாது மருத்துவரை நாட வேண்டும்.

நோயாளிக்குத் தொண்டு செய்தல் அறம். அத்தொண்டு செய்வோரின் உடலைக் காத்தலும் அறமேயாகும். தாங்கும் தூண் சாய்ந்தால் கூரை நில்லாது. நம் சிற்றூர்களில் தூணாய் நிற்கும் தாய்மார்களின் முதுகு தளராதிருக்க, ஊராட்சி மன்றங்களும் மாதர் குழுக்களும் இப்பணியை இன்றே மேற்கொள்ளுமாக!