காற்றில் கலந்த இலைமெழுகு

வாழையிலையில் உணவருந்துவோர் அதன் மேற்பக்கத்தையே காண்பர். அடிப்பக்கத்தைத் திருப்பி ஆராய்வோர் பெரும்பாலும் பிள்ளைகளே. அங்கே வெண்ணீறு பூசினாற்போல ஒரு மென்படை உண்டு. விரலால் கீறினால் அது நீங்கிப் பச்சை தெரியும். எங்கள் பாடசாலைத் தோட்டத்து வாழைகளில் இவ்வாறு தம் பெயர்களைப் பொறித்துவிட்ட மாணவர் சிலர் ஒருநாள் என் முன்னே கொண்டுவந்து நிறுத்தப்பட்டனர். தண்டிப்பதா சிரிப்பதா என்று நான் எண்ணிக்கொண்டிருக்கையில் அவர்களுள் ஒருவன், "ஐயா, நாங்கள் அழியாவிட்டாலும் அது போய்விடுந்தானே; முதிர்ந்த இலையில் அவ்வளவு இல்லையே" என்றான். போய்விடுகிறது என்பது உண்மை. ஆனால், எங்கே போகிறது? நான் வரலாறும் தமிழும் கற்ற கலைப்பட்டதாரி. எனக்கு விடை தெரியவில்லை. விஞ்ஞான ஆசிரியரைக் கேட்டபோது, "காற்றோடு போயிருக்கும்" என்று சுருக்கமாகச் சொன்னார். அச்சுருக்கமான விடையைப் பின்பற்றி நான் தேடிப் படித்தவற்றுட் சிலவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த வெண்படை மெழுகு ஆகும். வாழைக்கு மட்டுமன்று, நிலத்தில் வாழும் ஏறக்குறைய எல்லாச் செடிகொடிகளின் இலைகளுக்கும் மெழுகுப் போர்வை உண்டு. சிலவற்றில் அது கண்ணுக்குப் புலனாகும், பலவற்றிற் புலனாகாது. இலையின் நீர் வீணே ஆவியாகாமற் காப்பது அதன் தலையாய தொழில். பூச்சி, பூஞ்சணம் ஆகியவற்றைத் தடுப்பதும், மிகையான வெயிலைத் தாங்குவதும் ஏனைய தொழில்கள். தாமரையிலைத் தண்ணீர் ஒட்டாமல் உருள்வதற்கும் இம்மெழுகும் அதன் நுண்ணிய மேடுபள்ளங்களுமே காரணம். பிறேசில் நாட்டில் கானோபா என்னும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து இம்மெழுகை உதிர்த்தெடுத்து மெருகெண்ணெய் செய்கிறார்கள்.

காற்று வீசும்போது இலையோடு இலை உரசுகிறது. மெழுகு நுண்டுகளாய்ப் பெயர்ந்து காற்றில் ஏறுகிறது. உதிர்ந்த இலை மக்கி மண்ணோடு கலந்தபின் அம்மண் தூசாகிப் பறக்கையிலும் மெழுகு உடன் செல்கிறது. காடோ புல்வெளியோ தீப்பற்றினால், வெப்பத்தில் ஆவியான மெழுகு புகையிற் படிந்து மேலெழுகிறது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துத் தாவரங்கள் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்களின் இலைகளைப் பறித்து, பைகளில் இட்டுக் குலுக்கி, உதிர்ந்ததைப் பரிசோதித்தார்கள். காற்று மரத்துக்குச் செய்வதை அவர்கள் பைக்குட் செய்தார்கள், அவ்வளவே. அங்கே உதிர்ந்த மெழுகின் அடையாளம் அந்நகரத்துக் காற்றிலும் இருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். நகரத்துக் காற்றிலே மோட்டார் வண்டிகளின் புகை உண்டு. அப்புகையிலும் மெழுகை ஒத்த ஐதரோகாபன்கள் உண்டு. இது இலையிலிருந்து வந்தது, இது எண்ணெயிலிருந்து வந்தது என்று பிரித்தறிவது எவ்வாறு? இதற்குரிய விடை எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது; அதனால் அதனைச் சற்று விரித்துச் சொல்லுகிறேன்.

இலைமெழுகின் முக்கியமான கூறுகளுள் ஒன்று, காபன் அணுக்கள் சங்கிலிபோல் நேராகக் கோக்கப்பட்ட ஐதரோகாபன். சங்கிலியில் 25 முதல் 35 வரை காபன் அணுக்கள் இருக்கும். ஆனால், எண்ணிப் பார்த்தால் 27, 29, 31, 33 என்று ஒற்றைப்பட எண்ணுடைய சங்கிலிகளே மலிந்திருக்கும்; 28, 30 என்னும் இரட்டைப்பட எண்ணுடையன அரிதாகவே இருக்கும். ஏன் இந்த ஓரவஞ்சனை? செடி கொழுப்பமிலத்தை ஆக்கும்போது மணிகளை ஒவ்வொன்றாகக் கோப்பதில்லை, இவ்விரண்டாகவே கோக்கிறது. ஆகவே அமிலச் சங்கிலி பெரும்பாலும் இரட்டைப்பட எண்ணிலேயே அமையும். பின்னர் அந்த அமிலத்தை ஐதரோகாபனாக மாற்றும்போது, நுனியில் உள்ள ஒரு காபன் கழிக்கப்படுகிறது. முப்பதில் ஒன்று போனால் இருபத்தொன்பது. உயிருள்ள ஒரு தொழிற்சாலையின் வேலைமுறை இவ்வாறு ஓர் எண்ணிக்கையாகவே பதிந்துவிடுகிறது.

பெற்றோலியத்தின் கதை வேறு. அதுவும் ஒருகாலத்து உயிர்ப்பொருளே ஆயினும், பல கோடி ஆண்டுகள் பூமியினுள்ளே வெந்து, சங்கிலிகள் கண்டபடி அறுந்து, ஒற்றையும் இரட்டையும் ஏறக்குறையச் சமமாகிவிட்டன. எனவே ஒற்றை மிகுந்திருப்பின் அது அண்மைக்காலத்து இலை. இரண்டும் சமமாயிருப்பின் அது எண்ணெய். 1961 ஆம் ஆண்டில் பிரே, எவன்ஸ் என்னும் இருவர் இவ்வேறுபாட்டை ஓர் எண்ணாக அமைத்துக் காட்டினார்கள். அவர்கள் தேடியது எண்ணெய் ஊறும் பாறைகளை, இலைகளையன்று. ஒன்றைத் தேடுவோர் செய்த கருவி வேறொன்றைத் தேடுவோர்க்குக் கைகொடுப்பது விஞ்ஞான வரலாற்றில் அடிக்கடி நிகழ்வது.

சங்கிலிகளை நீளவாரியாகப் பிரித்து எண்ணும் வழியும் அப்போது கைவந்திருந்தது. 1952 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ஜேம்ஸ், மாட்டின் என்போர் வெளியிட்ட வாயு நிறப்பகுப்பு முறையே அது. பொருளை ஆவியாக்கி ஒரு நீண்ட குழாயினூடே செலுத்தினால், சிறிய மூலக்கூறுகள் முந்தியும் பெரியன பிந்தியும் வெளிவரும். கிளாஸ்கோ நகரிலும் பின்னர் பிறிஸ்ரல் நகரிலும் பணியாற்றிய ஜெஃப்ரி எக்லின்ரன் என்னும் இரசாயன அறிஞர் இம்முறையால் பலவகை இலைகளின் மெழுகை ஆராய்ந்தார். ஹமில்ரன் என்பாருடன் சேர்ந்து 1967 இல் அவர் எழுதிய கட்டுரை இத்துறைக்கு அடிப்படை நூல்போல் விளங்குகிறது.

கடலின்மேல் நிலத்துத் தூசு விழுகிறது என்பது மட்டும் முன்னரே தெரிந்திருந்தது. சார்ள்ஸ் டார்வின் தம் கப்பற் பயணத்தின்போது கேப் வேர்டே தீவுகளின் அருகே கப்பல்மீது படிந்த மென்தூசைச் சேர்த்து, பேர்லினில் இருந்த ஏரன்பேர்க்குக்கு அனுப்பினார். அதிலே நுண்ணுயிர்களின் ஓடுகளும், தாவரங்களின் சிலிக்காத் துண்டுகளும் காணப்பட்டன. 1846 இல் டார்வின் அதுபற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். ஆனால் அக்காலத்தில் பூதக்கண்ணாடிக்குத் தென்பட்டதே சான்று. உருவமற்றுப் படிந்திருந்த மெழுகை வாசிக்க எழுத்து இருக்கவில்லை. 1977 இல் சிமோனைற் என்பார் அதே அத்திலாந்திக்குத் தூசில் இலைமெழுகின் ஒற்றைப்பட வரிசையைக் கண்டு வெளியிட்டார்.

அடுத்த சான்று பசுபிக்கு சமுத்திரத்திலிருந்து வந்தது. மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த எனிவெற்றாக் என்பது ஒரு பவளத்தீவு. 1948 முதல் 1958 வரை அமெரிக்கர் அணுக்குண்டுகளை வெடித்துச் சோதித்த இடம் என்றால் சிலருக்கு நினைவு வரும். கண்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தொலைவிலுள்ள அத்தீவில் கோபுரம் ஒன்று நிறுத்தி, கடற்காற்றை வடிகட்டிப் பார்த்தார்கள். கண்டத்துச் செடிகளின் மெழுகு அங்கும் இருந்தது. ஆசியாவின் தூசு வரும் வசந்தகாலத்தில் அது மிகுந்தும், பின்னர் குறைந்தும் காணப்பட்டது. ககோசியனும் அவருடைய துணைவரும் இதனை 1981 இல் அறிவித்தனர். அளவைக் கேட்டால் சிரிப்பீர்கள்: இத்தகைய கடற்காற்றில் ஒரு கன மீற்றரில் உள்ள மெழுகு, ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூற்றளவே, பெரும்பாலும் அதனினும் குறைவே.

இத்துணைச் சிறிய பொருளைத் துரத்துவதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர் இருக்கலாம், நானும் கேட்டேன். பயன் இருக்கிறது; அது நாம் எல்லோரும் மூச்சுவிடும் காற்றின் கணக்கைப்பற்றியது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதாலும், காடு அழிப்பதாலும் வெளிவரும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய அரைவாசியே காற்றில் தங்குகிறது. மற்ற அரைவாசியைக் கடலும் தாவரங்களும் வாங்கிக்கொள்கின்றன. கடல் வாங்கியது எவ்வளவு, தாவரம் வாங்கியது எவ்வளவு? தாவரம் வாங்கியதைத் தீயும் வறட்சியும் விரைவில் திருப்பிக் கொடுத்துவிடும். கடல் வாங்கியது நெடுங்காலம் தங்கும். ஆகவே கணக்கு அவசியம்.

கணக்குப் பார்க்க ஒரு வழி உண்டு. காபன் அணுக்களில் நூற்றுக்கு ஒன்று அளவில் சற்றே பாரங்கூடியது. காபன் 13 எனப்படும் சமதானி. தாவரங்கள் இலேசான காபன் 12 ஐயே விரும்பிக் கொள்ளும். கடலில் கரையும்போது அத்தகைய தெரிவு மிகக் குறைவு. எனவே காற்றில் எஞ்சியிருக்கும் இருவகைக் காபனின் விகிதம், வாங்கியவர் யார் என்பதைச் சொல்லும். ஆனால் எல்லாத் தாவரமும் ஒரே அளவு தெரிவு காட்டுவதில்லை. நெல், கோதுமை, பெரும்பாலான மரங்கள் ஆகியன மிகுதியாகத் தெரிந்தெடுக்கும். சோளம், இறுங்கு, குரக்கன், கரும்பு, வெப்பநாட்டுப் புற்களிற் பல ஆகியன வேறொரு முறையால் ஒளித்தொகுப்பு நடத்துவதால், வந்ததை ஏறக்குறைய வந்தபடியே கொள்ளும். அப்படியானால் புல்வெளி உண்டதைக் கணக்குப்பிள்ளை கடலின் பேரில் எழுதிவிடக் கூடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நெல் மலிந்த காலத்தில் கல்லும் பதரும் பொறுக்கி அரிசி தேடுபவன், பஞ்சகாலத்தில் கிடைத்ததை உண்பான். செடியும் அப்படியே. வறட்சியில் நீரைக் காக்க இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். உள்ளே அகப்பட்ட சிறிது காற்றில் பாரமான காபனையும் தள்ளாமல் ஏற்கும். ஆகவே செடிகளின் தெரிவு எவ்வளவு என்பது ஊருக்கு ஊரும் பருவத்துக்குப் பருவமும் மாறும். இதை ஒரு கண்டம் முழுவதற்கும் அறிய வேண்டுமாயின் எத்தனை கோடி இலைகளைப் பறித்து அளப்பது?

பறிக்க வேண்டியதில்லை, காற்றே பறித்துக் கலந்து கொண்டுவருகிறது என்பதே மொரீன் கொன்ட்டே, வெபர் ஆகிய இருவரும் 2002 ஆம் ஆண்டில் காட்டிய வழி. வட அமெரிக்காவிலிருந்து ஏறக்குறைய 1000 கிலோமீற்றர் தொலைவில் அத்திலாந்திக்கிலுள்ள பேர்மியூடாத் தீவில், கண்டத்தைக் கடந்து வரும் காற்றை அவர்கள் வடிகட்டினார்கள். அதிலுள்ள மெழுகின் ஒவ்வொரு சங்கிலியையும் தனித்தனி எரித்து, காபன் 13 இன் விகிதத்தை அளந்தார்கள். இவ்வாறு தனித்தனி அளப்பதற்கு மத்தியூஸ், ஹேய்ஸ் என்போர் 1978 இல் வழி திறந்திருந்தனர். விகிதம் பருவத்தோடு மாறியது: செடிகளின் தெரிவு வசந்தத்தின் பிற்பகுதியில் உயர்ந்தும், இலையுதிர் காலத்தில் தாழ்ந்தும் இருந்தது. எந்த மரத்து மெழுகு எது என்று அங்கே ஒருவராலும் சொல்ல முடியாது; பல கோடி இலைகள் கலந்துவிட்டன. அக்கலப்பே ஆய்வாளர் விரும்பியது. ஒருவரும் அளக்க முடியாத சராசரியைக் காற்று தானே எடுத்துத் தந்தது.

ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் கப்பலிற் சென்று தூசு திரட்டியவர்களும் இத்தகைய ஒழுங்கையே கண்டார்கள். கரையிலுள்ள புல்வெளி, காடு ஆகிய வலயங்கள் மாறுமிடத்து மெழுகின் காபன் விகிதமும் மாறியது. அம்மெழுகு கடலடிச் சேற்றில் விழுந்தும் எளிதிற் கெடுவதில்லை. 2017 இல் ரியெர்னியும் அவர் குழுவினரும் அச்சேற்று மெழுகின் ஐதரசனை அளந்து, இன்று மணலாய்க் கிடக்கும் சகாராவில் ஏறக்குறைய 11,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்வரை நல்ல மழை பெய்ததற்குச் சான்று காட்டினர். நமக்கு அயலிலும் ஓர் உதாரணம் உண்டு. ஆயினும் அது காற்றாலன்றி ஆற்றால் வந்த மெழுகு. கோதாவரி கடலோடு கலக்கும் இடத்துச் சேற்றில், வறட்சியைத் தாங்கும் புல்லினங்களின் பங்கு 4,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து படிப்படியாகக் கூடியது தெரியவந்தது. 2012 இல் அது வெளியாயிற்று.

இவையெல்லாம் கேட்டு, மெழுகு பொய் சொல்லாத சாட்சி என்று நினைத்துவிடக் கூடாது. அதன் வயது நிச்சயமில்லை. மேற்காபிரிக்கக் கரைக்கு அப்பால் திரட்டிய தூசில் இருந்த மெழுகைக் கதிர்க்காபன் முறையால் ஆராய்ந்தபோது, அது சென்ற மாதத்து இலையினுடையதன்று, பல நூறு ஆண்டுப் பழமையுடையது என்று தெரிந்தது. வற்றிய குளத்துச் சேறும் பழைய மண்ணும் இன்றைய காற்றில் ஏறிவிடுகின்றன. 2002 இல் இதனை எழுதிய குழுவின் தலைவர் திமோதி எக்லின்ரன். இலைமெழுகுக்கு இலக்கணம் வகுத்த ஜெஃப்ரி எக்லின்ரனின் மகன். தந்தை வாசித்த கையெழுத்துக்கு மகன் திகதி கேட்டார் போலும். ஆகவே இன்று காற்றை வடிகட்டுவோர் மெழுகை அளப்பதோடு நிற்பதில்லை. அக்காற்று எவ்வழியாக வந்தது என்று வானிலைப் பதிவுகளைக் கொண்டு பின்னோக்கித் தேடுகிறார்கள். உடன்வந்தது மண்ணா, புகையா என்றும் பார்க்கிறார்கள். மண் மிகுந்திருந்தால் மெழுகு பழையதாகவும் இருக்கலாம் என்று கொண்டு, அந்நாளின் அளவைப் பருவக் கணக்கிற் சேர்க்கத் தயங்குகிறார்கள்.