விதை தானமே நல்ல நினைவஞ்சலி

2013 டிசம்பர் 30-இல் நம்மாழ்வாரையும், 2018 டிசம்பர் 6-இல் 'நெல்' ஜெயராமனையும் இழந்தோம். இவர்கள் நினைவாக என்ன தானம் செய்யலாம் என்று கும்மிடிப்பூண்டிப் பக்கத்து விவசாயிகள் கேட்கிறார்கள். பேனர் வேண்டாம், விதைநெல் திரட்டுங்கள். ஜெயராமன் காட்டிய வழி எளியது: 2 கிலோ பாரம்பரிய விதை வாங்கியவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும்.

டிசம்பரில் சம்பா வயலில் நிற்கும். அப்போதே தருபவர் பெயரை எழுதிக்கொண்டு, அவர் வயலில் கலவன்களை நீக்குங்கள். தை அறுவடைக்குப் பின் ரகவாரியாக வாங்கி, ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டாமல் காயவைத்துச் சேமியுங்கள். ஆடியில் கொடுக்குமுன் 100 விதையை ஈரச்சாக்கில் முளைக்கவிடுங்கள். 80-க்குக் குறைந்தால் கொடுக்காதீர்கள். நல்லெண்ணத்தில் தந்த கெட்ட விதை, வாங்கியவரின் ஒரு போகத்தையே அழித்துவிடும்.

சீட்டு எழுத, சிப்காட் வேலைக்குப் போகும் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ரகத்தின் பெயராவது அவர்கள் நாவில் நிற்கட்டும்.