முகவரியில்லா வணிகம்

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைக் கற்பிக்கும் ஆசிரியர் பலரும் ஓரிடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். மதுரைத் தெருவிலே முதன்முதற் கண்ட பொற்கொல்லனைக் கோவலன் எதனால் நம்பினான் என்பதே அவ்விடம். அக்கொல்லன் அரச வரிசைக்குரிய சட்டை தரித்திருந்தான். கையிலே பற்றுக்குறடு வைத்திருந்தான். தொழில் வல்ல நூறு கொல்லர் அவன் பின்னே நடந்து வந்தனர். உடையையும் கூட்டத்தையும் கண்ட அளவிலே, பாண்டியனிடம் சிறப்புப் பெற்ற பெருங்கொல்லன் இவனே எனக் கோவலன் தானாகவே முடிவு செய்துகொண்டான். வணிகர் குடியிற் பிறந்தவன். பொன்னும் மணியும் புழங்கிய மனையிலே வளர்ந்தவன். அவனே ஆராயாது நம்பினான் எனின், ஏனையோரைப் பற்றி என் சொல்வது!

இக்காலத்து இணையவழிக் கடைகள் தம் பெருமையை எண்ணிக் காட்டும் அளவுகோலுக்கும் ‘பின்தொடர்வோர்’ என்றே பெயர் வழங்குகின்றது. இச்சொல்லைத் தமிழாக்கியவர் எவரோ, அவர் இளங்கோவடிகளை நினைந்து ஆக்கினாரல்லர்; ஆயினும் பொருத்தம் வியக்கத்தக்கது. ஐம்பதினாயிரம் பேர் பின்தொடரும் கடை பொய்க்குமா என்று நம் பிள்ளைகள் கேட்கின்றனர். நூறு பேர் பின்தொடர்ந்தவன் பொய்த்த கதையை அவர்களுக்குப் பாடமாக நாமே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கின்றோம்.

திருகோணமலையிலிருந்து உப்புவெளி வழியாக நிலாவெளிக்குச் செல்லும் பாதையிலே உள்ளது சாம்பல்தீவு. பாரிசு, மிலான் நகரங்களின் பெருங்குடிக் கைப்பைகளை விற்கும் கடை எதுவும் இவ்வூரில் இல்லை. ஆயின், கைத்தொலைபேசி அந்நகரங்களை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்துவிட்டது. எம்முடன் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர், புகழ்பெற்ற இத்தாலியப் பெயர் பொறித்த கைப்பை ஒன்றைப் படத்திற் கண்டு விரும்பினார். விலை அவருடைய அரைமாதச் சம்பளம். கடையிலே கேட்பதிற் பத்திலொரு பங்குதானாம். ‘பொருள் கைக்கு வந்தபின் பணம்’ என்பது ஏற்பாடு. பொதி வந்தது. அதைப் பிரித்துப் பார்க்குமுன் பணத்தை எண்ணித் தரவேண்டும் என்றார் கொண்டுவந்த இளைஞர். அவர் பெற்ற கட்டளை அது, அவரைக் குறைசொல்வதற்கில்லை. பணம் கொடுத்துப் பிரித்தால், தையல் இரண்டிடத்தில் விட்டிருந்தது. பொறித்த பெயரில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது. முறையிட்டு எழுதிய மடல்களுக்கு, ‘உங்கள் கருத்து எமக்கு மிக முக்கியம்’ என ஒரே விடை மும்முறை வந்தது. நான்காம் முறை அப்பக்கமே அவர் கண்ணுக்குத் தெரியாதவாறு அடைக்கப்பட்டுவிட்டது.

“காசு போனதுகூடப் பரவாயில்லை, ஐயா. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அந்த எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தார்கள்” என்று அவர் சொன்னபோது சிரிப்பதா வருந்துவதா என எமக்குத் தெரியவில்லை.

இஃது எளியோருக்கு மட்டும் நேரும் இடரன்று. டிஃபனி என்னும் அமெரிக்க அணிகல நிறுவனம், தன் பெயரால் ஈபே என்னும் இணையச் சந்தையில் விற்கப்பட்ட வெள்ளி நகைகளைத் தானே 2004, 2005ஆம் ஆண்டுகளில் வாங்கிச் சோதித்தது. அவற்றுள் ஏறத்தாழ முக்காற்பங்கு போலி எனக் கூறி வழக்காடியது. இன்ன பொருள் போலி என்று குறிப்பாக அறிவிக்கப்பட்டால் அதனை நீக்குவது சந்தைக்காரர் கடன். தம் பெயரைக் காத்துக்கொள்வது பெயருக்குரியவர் கடன் என 2008 யூலையில் நியூயோர்க் நீதிமன்றம் தீர்த்தது. மேன்முறையீட்டிலும் 2010இல் அதன் சாரம் நிலைத்தது. அத்தீர்ப்புக்கு இரு கிழமைக்கு முன்னரே பாரிசு வணிக நீதிமன்றம் இதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்திருந்தது. லூயி வுய்ட்டன் முதலிய பெயர்களுக்குரிய குழுமத்துக்கு ஈபே ஏறத்தாழ 4 கோடி யூரோ இழப்பீடு தரவேண்டும் என்றது. பின்னர் மேன்முறையீட்டில் அத்தொகை பெரிதுங் குறைக்கப்பட்டது. சந்தையை நடத்துவோன் சந்தையில் நிகழும் களவுக்குப் பொறுப்பாவானா என்னும் ஒரு வினாவுக்கு இரண்டு பெருநகரங்கள் இருவேறு விடை கூறின. பேரரசு போன்ற நிறுவனங்களுக்கே இந்நிலை எனின், ஒரு கைப்பை வாங்கியவர் எந்த வாயிலில் மணியடிப்பார்?

போலியை விடுத்து மெய்யான பொருளை முழுவிலை கொடுத்து வாங்கியோராவது மனநிறைவு பெற்றனரா? 2024 யூனில் மிலான் நீதிமன்றம், கிறித்தியன் தியோர் கைப்பைகளைச் செய்விக்கும் துணை நிறுவனமொன்றை நிருவாகி ஒருவரின் மேற்பார்வையில் வைத்தது. 2600 யூரோவுக்கு விற்கும் பையொன்றைச் செய்துதரும் பட்டறைக்கு, தோல் முதலிய மூலப்பொருள் நீங்கலாக, 53 யூரோவே கொடுக்கப்பட்டது என்ற செய்தி அவ்வழக்கில் வெளிவந்தது. அம்மேற்பார்வை 2025 பெப்ரவரியில் நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகத்து மாதத்தில் இத்தாலியப் போட்டி ஒழுங்கமைப்பு அதிகாரசபை, தொழிலாளர் நலம் பற்றி வாங்குவோரை மயக்கும் கூற்றுக்களை வெளியிட்டதாக அர்மானி நிறுவனத்துக்கு 35 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. நிறுவனம் அதனை ஏற்காது மேன்முறையீடு செய்வதாக அறிவித்தது. கைவினைஞரின் பெருமையைப் படமாக்கி விற்றவர்கள் கைவினைஞருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை வாங்கியவர்கள் செய்தித்தாளிற் படித்து அறிய நேர்ந்தது. பையின் தையல் குறையற்றதாகவே இருந்திருக்கலாம். குறை அதனோடு சேர்த்து விற்ற சொல்லில் இருந்தது.

‘ஆடம்பரம்’ என்னும் சொல் வடமொழியிலே முதலிற் பறையொன்றையும் அதன் பேரொலியையும் குறித்தது. ஆடம்பரப் பொருள் எனும்போதெல்லாம் அப்பறை எம் செவியில் ஒலிக்கின்றது.

சிலம்பின் கதையிலும் இரண்டு அணிகள் புறத்தே ஒத்திருந்தன. உள்ளிருந்த பரல்களே வேறு. அரசியின் சிலம்பு முத்துடையது. கண்ணகியின் சிலம்பு மாணிக்கமுடையது. உடைத்துப் பார்த்த பின்னரே உண்மை புலனாயிற்று. அப்போது காலம் கடந்துவிட்டது. இத்தனைக்கும் அதே மதுரையிலே மணிகளின் குற்றமும் குணமும் தெரிந்த வணிகர் வாழ்ந்த தெருவை ஊர்காண் காதை விரித்துரைக்கின்றது. வைரத்துக்கு நான்கு குற்றம் என்று எண்ணிச் சொல்லும் அளவுக்கு அக்கலை வளர்ந்திருந்தது. வாங்குவோன் கண்ணாலும் கையாலும் ஆராயலாம். அறியாதவன் அறிந்தவனை அழைத்துச் செல்லலாம்.

நம் ஊர்ப் பெண்கள் நகை வாங்கும் முறையும் அவ்வழி வந்ததே. உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பர். கொளுவி சரியாகப் பூட்டுகின்றதா என நாலைந்து முறை திறந்து மூடுவர். மாமியையோ சின்னம்மாவையோ உடன் கொண்டுசெல்வர். ஊர்ப் பத்தரிடம் ஐயம் தோன்றினால் உரைகல்லில் உரைத்துக் காட்டச் சொல்வர். செம்பு மிகுந்திருந்தால் மறுநாட் காலை அவர் வீட்டுத் திண்ணையிற் போய் அமர்ந்துவிடுவர். அந்தத் திண்ணைதான் அக்காலத்து நுகர்வோர் நீதிமன்றம்! பத்தருக்கு ஒரு முகம் இருந்தது; அம்முகம் ஊரை விட்டு ஓடிவிட முடியாது. படத்திலே கைப்பையைக் காண்போருக்குக் கனம் தெரியாது. தோலின் மணம் தெரியாது. எஞ்சுவது பெயர் ஒன்றே. பெயரை நம்பிப் பொருளைக் கொள்வது தவறென்று நாம் சொல்லோம். அப்பெயருக்குப் பின்னே விடை சொல்ல ஒருவர் இருத்தல் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில், இணையவழி வாங்கிய பொருளைப் 14 நாளுக்குள் காரணங் கூறாமலே திருப்பிக் கொடுக்கும் உரிமை, சில விலக்குகளோடு, 2014 முதல் நடைமுறையில் உள்ளது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உண்டு. வாங்குவோரை மயக்கும் நடத்தையை அதன் 30ஆம் பிரிவு தடுக்கின்றது. விற்பனை நிகழ்ந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிடுமாறு 13ஆம் பிரிவு கூறுகின்றது. எம் சக ஆசிரியைக்கு இவ்விரண்டும் தெரியா. பண்டிதர்கள் பலருக்கும் தெரியா என்பது வேறு செய்தி.

ஒரு மாலை, பாடசாலை விட்டபின் இருவரும் அமர்ந்து அம்முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதினோம். நாள், விலை, பொருளின் குறை யாவும் எளிதில் நிரம்பின. விற்றவர் முகவரி என்னும் இடத்திற்கு வந்ததும் பேனா நின்றது. அக்கடையின் பக்கத்தைப் பிறிதொரு ஆசிரியரின் தொலைபேசியிற் திறந்து மேலும் கீழும் தேடினோம். தெருப் பெயரோ கட்டட இலக்கமோ ஊரோ எங்கும் இல்லை. பின்தொடர்வோர் தொகைமட்டும் கூடியிருந்தது. ஈற்றில், பொதியின்மேல் ஒட்டியிருந்த விநியோகச் சீட்டின் இலக்கத்தையும் அதிற் கண்ட தொலைபேசி எண்ணையும் அவ்விடத்தில் எழுதி, சீட்டையும் உடன் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினோம்.