சிறுகதையில் கதைப் பின்னலும் முரண்பாடும்

நிகழ்ச்சிகளை வரிசையாய் அடுக்குவதனால் மட்டும் கதைப் பின்னல் அமைந்துவிடாது. அவற்றை உந்திச் செல்வது முரண்பாடே. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாப விமோசனம்’ என்னும் சிறுகதையை நோக்குவோம். அகலிகை கல்லுருவம் நீங்குதல் பழங்கதையில் முடிவு. இங்கோ அதுவே தொடக்கம். சாபம் நீங்கியும் உள்ளத்தின் உறுத்தல் நீங்கவில்லை. பிறரும் அவளைக் கண்டு விலகுகின்றனர். எனினும் கதையின் உச்சம் பூசல் எதிலுமில்லை. இராமன் கேட்டதால் தீப்புகுந்ததைச் சீதை சொல்ல, அகலிகை கேட்கும் உரையாடலிலேயே உள்ளது. அகலிகையை மீட்டவன் தன் மனைவியிடம் மட்டும் சான்று கேட்டானா? விடை கூறாமலே ஆசிரியர் அவளை மீண்டும் கல்லாக்குகிறார். பிரசங்கபீடத்தில் கதை சொல்லும் நாமோ, முரண்பாடு முற்றுமுன்னரே தீர்வுக்கு விரைகிறோம். லூக்கா 15ஆம் அதிகாரத்தில், மூத்த குமாரன் வீட்டினுள் சென்றானா என்பதை இயேசு சொல்லவில்லை.