சாய்ந்து விழும் திராட்சை ரசம்

ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். விளிம்பைத் தாண்டும்போது தண்ணீர் கொஞ்சம் முன்னால் பாயும். பிறகு வளைந்து, கீழே போகப் போக நேராகும். பூமி அதைத் தன் மையத்தை நோக்கி இழுக்கிறது. கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூலில் தூக்குக்குண்டு தொங்கவிடுவதும் இதே இழுப்பை நம்பித்தான்.

இந்தப் பாடத்தை வைத்து ஓர் ஓவியத்தின் ரகசியத்தையே கண்டுபிடிக்கலாம்!

லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் 'பெல்ஷாத்சாரின் விருந்து' இருக்கிறது. நெதர்லாந்தின் ரெம்பிராண்ட் 1630களில் வரைந்தது. அகலம் மட்டும் சுமார் 209 செ.மீ. கதை பைபிளில் தானியேல் புத்தகத்தில் வருகிறது. எருசலேம் ஆலயத்திலிருந்து கொள்ளையடித்து வந்த பொற்பாத்திரங்களில் பாபிலோன் அரசன் பெல்ஷாத்சார் விருந்தினரோடு குடிக்கிறான். திடீரென ஒரு கை மட்டும் தோன்றிச் சுவரில் எழுதுகிறது. அரசன் வெலவெலத்துத் திரும்புகிறான். வலப்பக்கம் ஒரு பெண் பதறி விலகுகிறாள். அவள் கையிலிருக்கும் கிண்ணம் சரிந்து திராட்சை ரசம் கொட்டுகிறது.

அந்த ரசத்தை உற்றுப் பாருங்கள். அது செங்குத்தாக விழவில்லை, சற்றே சாய்ந்து விழுகிறது. மேசையும் வலப்பக்கம் லேசாக மேடேறுகிறது.

ரெம்பிராண்டின் கை தவறிவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசனின் மேலங்கியைப் பாருங்கள். நகைகள் இருக்கும் இடத்தில் வண்ணத்தைக் கெட்டியாக அப்பி மேடாக்கியிருக்கிறார். அறையின் உண்மையான வெளிச்சம் அந்த மேடுகளில் பட்டுத்தான் நகை மின்னுகிறது. ஒளியை இவ்வளவு கவனித்தவர் ரசம் விழும் திசையையா கவனிக்காமல் விட்டிருப்பார்?

நடந்தது இதுதான். பழைய காலத்தில் யாரோ ஓவியம் வரைந்த துணியின் ஓரங்களை வெட்டிவிட்டார்கள், அதுவும் கோணலாக. நோட்டில் ஒட்ட ஒரு படத்தைக் கத்தரிக்கும்போது கத்தரி சாய்ந்து போனால் என்ன ஆகும்? ஓரத்தை நோட்டின் கோட்டோடு சேர்த்து ஒட்டினால் படத்துக்குள் இருக்கும் வீடு சாய்ந்து நிற்கும், இல்லையா? அதேபோல, வெட்டிய துணியைச் சட்டத்தில் பொருத்தியபோது விருந்து முழுவதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கொஞ்சம் திரும்பிவிட்டது.

இதற்கு ரசத்தை ஏன் சாட்சியாகக் கூப்பிட வேண்டும்? மனிதர்கள் பயத்தில் எந்தப் பக்கமும் சாயலாம். மேசைகூட, நாம் நின்று பார்க்கும் இடத்தைப் பொறுத்துச் சரிவாகத் தெரியலாம். ஆனால் விழுகிற திரவம் தன் திசையைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது.

இந்த ஓவியத்தின் படம் கிடைத்தால், நூலில் ஒரு சாவியைக் கட்டி அதன் முன்னால் தொங்கவிடுங்கள். கொட்டும் ரசம் நூலோடு ஒட்டிப் போகும்வரை படத்தை மெல்ல வலப்பக்கமாகத் திருப்புங்கள். அப்போது மேசையும் என்ன செய்கிறது என்று பாருங்கள்.